பேங்காக் ரயில் அட்டை என்று 900 வெள்ளியை வாங்கிக்கொண்டு ஏமாற்றிய கடை: பாடாங் செராய், கூலிம் பக்கத்து மக்கள் கவனத்துக்கு

900 வெள்ளி. ஐந்து பேருக்கு, தலைக்கு 180 வெள்ளி. பேங்காக்கில் மூன்று நாளைக்கு ரயில், பேருந்து, படகு எதில் வேண்டுமானாலும் ஏறி இறங்கலாம் என்று சொல்லி ஐந்து அட்டைகளைக் கொடுத்தார்கள். அந்த ஐந்தில் ஒன்றுகூட எங்கேயும் வேலை செய்யவில்லை. ஊருக்குத் திரும்பி வந்து பணத்தைக் கேட்டால் இழுத்தடிக்கிறார்கள். இன்று மாலையும் அந்தக் கடைக்குப் போய் வெறுங்கையோடு வந்தேன். வந்த கையோடு எழுதுகிறேன். பள்ளி விடுமுறை வரப்போகிறது, எங்கள் பக்கத்திலிருந்து பல குடும்பங்கள் ஹாட்யாய், பேங்காக் என்று கிளம்பும். பணம் கட்டுவதற்கு முன்னால் அவர்கள் இதைப் படிக்கட்டும்.

கடையின் பெயரைப் போடவில்லை. புகார் கொடுக்கப் போகிறேன், அது முடியட்டும். பாடாங் செராய் கடைவரிசையில் இருக்கும் ஒரு சிறிய பயண ஏற்பாட்டுக் கடை என்பது மட்டும் போதும். பஸ் டிக்கெட், விமான டிக்கெட், கோயில் யாத்திரை எல்லாம் செய்கிறார்கள்.

விமான டிக்கெட்டை நாங்களே பினாங்கிலிருந்து போட்டுவிட்டோம். தங்கும் இடமும் ஆயிற்று. மிச்சம் இருந்தது அங்கே எப்படிச் சுற்றுவது என்ற கவலைதான். அம்மாவுக்கு முழங்கால் வலி. சித்தியும் என் அக்கா பிள்ளைகள் இரண்டு பேரும் கூட வருகிறார்கள். மொழி தெரியாத ஊரில் ஒவ்வொரு தடவையும் டாக்சிக்காரரிடம் பேரம் பேச முடியாது. அதனால்தான் அந்தக் கடைக்குப் போனோம்.

கடைக்காரர் முதலில் அம்மாவைத்தான் உட்காரவைத்தார். "எந்தத் தோட்டம்மா நீங்க?" என்று கேட்டார். அம்மா பால்மரம் வெட்டிய தோட்டத்தின் பெயரைச் சொன்னதும், "எங்க அப்பாவும் தோட்டத்து ஆளுதாம்மா, நம்ம ஆளுங்களுக்கு நான் தப்பு செய்வேனா?" என்றார். தன் கைப்பேசியில் பேங்காக் ரயில் நிலையத்தில் நிற்கும் படங்களைக் காட்டினார். வண்ணத்தில் அச்சடித்த ரயில் வரைபடம் ஒன்றை விரித்து, சீலோம் மாரியம்மன் கோயிலுக்கு எங்கே இறங்க வேண்டும் என்று பேனாவால் வட்டம் போட்டுக் கொடுத்தார். ஒரு அட்டையை எடுத்து மேசையில் தட்டி, "இப்படித் தட்டினா கேட் திறக்கும், அவ்வளவுதான் தங்கச்சி, சின்னப் பிள்ளைகூடச் செய்யும்" என்றார். ஆள் பார்க்கவும் நல்லவராகத்தான் இருந்தார். சாமி படத்துக்குக் கீழே உட்கார்ந்து பேசுகிறவர் இப்படிச் செய்வார் என்று யார் நினைப்பார்கள்?

ஐந்து அட்டைகளையும் ஒரு உறையில் போட்டு ஸ்டேப்ளர் அடித்துக் கொடுத்தார். "இப்ப திறக்காதீங்க, அங்க போய்த் திறந்தாத்தான் நாள் கணக்கு ஆரம்பிக்கும்" என்றார். அட்டையை யாரும் முன்கூட்டியே உற்றுப் பார்க்கக்கூடாது என்பதற்காகச் சொன்ன பொய் அது. கியூஆர் ஸ்கேன் செய்து 900 வெள்ளி கட்டியபோது கடைப் பெயர் வரவில்லை, ஒரு தனி ஆளின் பெயர் வந்தது. கேட்டேன். "அது எங்க கணக்குப் பிள்ளை" என்றார். ரசீது என்று கொடுத்தது அரைத்தாளில் கையால் எழுதி, பாதி அழிந்த முத்திரை குத்திய ஒரு சீட்டு.

டோன் முவாங் விமான நிலையத்தில் இறங்கி ஏ1 பேருந்தில் ஏறினோம். நடத்துநர் அம்மாள் அட்டையைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுக் காசு கேட்டார். சரி, இந்த ஒரு பேருந்துக்கு மட்டும் இல்லை போலிருக்கிறது என்று கொடுத்தோம். மோ சிட் ரயில் நிலையத்தில் படியேறி, அம்மாவை முன்னால் விட்டு, அட்டையைத் தட்டச் சொன்னேன். திறக்கவில்லை. மறுபடியும் தட்டினார். சிவப்பு விளக்கு. பின்னால் வேலைக்குப் போகிற கூட்டம் நெருக்குகிறது. அம்மா பதறிப்போய், ஏதோ குற்றம் செய்தவர் மாதிரி எல்லாரையும் பார்த்துக் கும்பிடுகிறார். முப்பது வருடம் விடியற்காலையில் மரம் வெட்டி எங்களைப் படிக்கவைத்தவர். விமானத்தில் ஏறியது இதுதான் முதல் தடவை. அந்தக் கும்பிடுதான் என்னால் பொறுக்க முடியாதது, 900 வெள்ளி அதற்கப்புறம்தான்.

கவுண்டரில் இருந்த பெண் ஐந்து அட்டைகளையும் கருவியில் வைத்துப் பார்த்தார். எல்லாமே ஸ்கைட்ரெய்னின், அதாவது தலைக்கு மேலே பாலத்தில் ஓடும் ரயிலின், ஒருநாள் அட்டைகள். யாரோ எப்போதோ பயன்படுத்தித் தீர்த்தவை. அந்த அட்டை குறித்த அந்த ஒரு நாளைக்குத்தான் செல்லும், அதுவும் ஸ்கைட்ரெய்னில் மட்டும். அதன் விலையே 150 பாட், நம் காசுக்கு ஏறக்குறைய 20 வெள்ளி. பயணிகள் வேலை முடிந்து வைத்துவிட்டுப் போன அட்டையைப் பொறுக்கி எடுத்து எங்களிடம் 180 வெள்ளிக்கு விற்றிருக்கிறார் அந்தக் கடைக்காரர்.

அப்புறம்தான் தெரிந்தது, அவர் சொன்ன மாதிரி எல்லாவற்றிலும் ஏறும் அட்டை பேங்காக்கில் கிடையாது. 1999-இல் வந்த ஸ்கைட்ரெய்ன் ஒரு நிறுவனம், 2004-இல் வந்த சுரங்க ரயில் இன்னொரு நிறுவனம். அசோக், சாலா டேங், மோ சிட் போன்ற இடங்களில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தாலும், ஒன்றிலிருந்து வெளியே வந்து மற்றதுக்குத் தனி டிக்கெட் எடுக்க வேண்டும். பேருந்துக்குத் தனிக் காசு. ஆற்றுப் படகுக்குத் தனிக் காசு. போக்குவரத்துக்குத்தான் கட்டியாயிற்றே என்று நாங்கள் பாட் கொஞ்சமாகத்தான் மாற்றியிருந்தோம். பிரதுநாம் துணிச் சந்தையில் பேரப்பிள்ளைகளுக்குச் சட்டை எடுக்க அம்மா முடிந்து வைத்திருந்த காசு டிக்கெட்டுக்குப் போனது. கோயிலுக்கு மட்டும் எப்படியோ போய்விட்டோம், சுரசாக் நிலையத்தில் இறங்கி நடந்து. அங்கே தமிழ்க் குரலில் மந்திரம் கேட்டதும் சித்தி அழுதுவிட்டார்.

மோ சிட்டிலிருந்தே கடைக்காரருக்கு அழைத்தேன். "சிஸ்டம் டவுனா இருக்கும், நாளைக்குத் தட்டிப் பாருங்க" என்றார். மறுநாள், "நீங்க தப்பாத் தட்டியிருப்பீங்க." அதற்கு அடுத்து எடுக்கவே இல்லை. அட்டைகளின் படம், கருவித் திரையின் படம் எல்லாம் அனுப்பினேன். பார்த்ததற்கு அடையாளமாக நீலக்கோடு விழுந்தது, பதில் வரவில்லை.

ஊருக்கு வந்து கடைக்குப் போனால் கவுண்டர் பிள்ளை, "பாஸ் ஈப்போ போயிருக்காரு" என்றது. அடுத்த தடவை, "மீட்டிங்ல இருக்காரு." கடைசியில் ஆளைப் பிடித்தேன். அம்மாவை உட்காரவைத்த அதே நாற்காலிக்கு முன்னால் நின்றுகொண்டு என்னிடம் கேட்கிறார்: "பேங்காக் போய்ச் சுத்திட்டுத்தானே வந்தீங்க? அட்டையை யூஸ் பண்ணலன்னு என்ன ஆதாரம்?" இன்று, அடுத்த பயணத்துக்கு 50 வெள்ளி தள்ளுபடி தருகிறாராம். "சின்னத் தொகைக்குப் போய் இவ்வளவு சத்தமா தங்கச்சி?" என்கிறார். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி இருக்கும் நாட்டில் 900 வெள்ளி சின்னத் தொகையா? அரை மாதச் சம்பளத்துக்கும் மேலே!

எப்படிப் போக வேண்டும் என்று விவரமாக எழுத நினைத்தேன், இப்போது மனம் ஓடவில்லை. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

பேங்காக் ரயிலுக்கு இங்கே எந்த அட்டையும் வாங்காதீர்கள். நிலையத்திலேயே, உங்கள் கண் முன்னால் வாங்குங்கள். சுரங்க ரயிலில் விசா, மாஸ்டர்கார்டு வங்கி அட்டையையே தட்டலாம், ஆனால் ஆளுக்கு ஒரு அட்டை வேண்டும். கையில் சில்லறை பாட் வைத்துக்கொள்ளுங்கள்.

பயணக் கடை என்றால் சுற்றுலா அமைச்சின் உரிம எண்ணைக் கேளுங்கள். பணம் தனி ஆள் பெயருக்குப் போனால் கட்டாதீர்கள்.

பணத்தை இழந்தவர்கள் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் கோரிக்கை போடலாம். கட்டணம் 5 வெள்ளிதான், 50,000 வெள்ளி வரை கேட்கலாம், வழக்கறிஞர் தேவையில்லை. நான் அங்கேதான் போகிறேன். கியூஆர் பதிவு, அரைத்தாள் சீட்டு, செல்லாத ஐந்து அட்டைகள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன.

இதே கடையில் இதே மாதிரி உறை வாங்கி வைத்திருப்பவர்கள் யாராவது இருந்தால், கிளம்பும் நாள் வரை காத்திருக்காமல் இன்றைக்கே ஸ்டேப்ளரைப் பிரித்துப் பாருங்கள். எனக்கும் எழுதுங்கள், சேர்ந்தே புகார் கொடுப்போம்.