ஹாமில்டன் மேடைப் பதிவு: எது கிடைக்கிறது, எது நழுவுகிறது, எப்படிப் பார்ப்பது

பாட்டாலேயே கதை சொல்லும் மேடை மியூசிக்கல் ஒன்றைத் திரைக்குக் கொண்டுவர இரண்டு வழிகள் உண்டு. கதையையும் பாட்டையும் எடுத்துக்கொண்டு புதிதாக ஒரு சினிமா எடுப்பது ஒன்று. மேடையில் நடப்பதையே கேமராவில் பிடிப்பது இன்னொன்று. 'விக்கட்' முதல் வழியில் போனது. நியூயார்க் அரங்கில் இடைவேளை உட்பட இரண்டே முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும் நாடகம் அது. 2024 நவம்பரில் வந்த படமோ 160 நிமிடம் ஓடியும் முதல் அங்கத்தைத் தாண்டவில்லை. மிச்சக் கதைக்கு 2025 நவம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அமெரிக்கா உருவான காலத்துத் தலைவர்களில் ஒருவரான அலெக்சாண்டர் ஹாமில்டனின் வாழ்க்கையைச் சொல்லும் 'ஹாமில்டன்' இரண்டாவது வழியில் வந்தது. இதுவும் 160 நிமிடம்தான், ஆனால் இரண்டு அங்கங்களும் நடுவில் ஒரு நிமிட இடைவேளையும் அதற்குள் அடக்கம்.

டிஸ்னி பிளஸ்ஸில் 2020 ஜூலை 3 முதல் இருக்கிறது. நாடகத்தின் பத்தாம் ஆண்டையொட்டி 2025 செப்டம்பரில் சினிமா அரங்குகளுக்கும் வந்தது. மேடைப் பதிவுகளில் முதலில் எதைப் பார்ப்பது என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் தயங்காமல் சொல்ல வேண்டும். ஆனால் டிவியைப் போட்டதும் அப்படியே உட்கார்ந்தால் பாதிதான் கிடைக்கும். சில விஷயங்களை முன்கூட்டியே சரிசெய்துகொள்ள வேண்டும்.

முதலில், படம்பிடித்த விதம். 2016 ஜூன் கடைசியில், நியூயார்க்கின் நாடக அரங்குகள் நிறைந்த பிராட்வேயின் ரிச்சர்ட் ராஜர்ஸ் தியேட்டரில், மூலக் குழு கலையத் தொடங்குவதற்குச் சில நாட்கள் முன்பு எடுத்தது இது. நாடகத்தை எழுதி ஹாமில்டனாகவும் நடித்த லின்-மானுவல் மிராண்டா, அவர் எதிரி ஆரன் பராக வரும் லெஸ்லி ஓடம் ஜூனியர், ஹாமில்டனின் மனைவி எலைசாவாக வரும் ஃபிலிப்பா சூ மூவரும் ஜூலை 9 அன்று கடைசியாக மேடையேறி விடைபெற்றார்கள். பார்வையாளர்கள் நிறைந்த இரண்டு காட்சிகளை முழுதாகப் பதிவு செய்தார்கள். அவற்றுக்கு இடைப்பட்ட நேரத்தில், காலி அரங்கில், கேமராவை மேடைக்கே ஏற்றி கிரேன், டாலி, ஸ்டெடிகேம் போன்ற கேமராவை நகர்த்தும் கருவிகள் கொண்டு சில பாடல்களை மட்டும் மறுபடி எடுத்தார்கள். இறுதி வடிவத்தில் இரண்டும் கலந்திருக்கின்றன. மேடையில் இயக்கிய தாமஸ் கைல்தான் பதிவையும் இயக்கினார். எந்த நொடியில் எந்த முகம் முக்கியம் என்பது அவருக்கு மனப்பாடம். ஷாட் தேர்வில் அது தெரிகிறது.

பக்கத்தில் போய்ப் பார்க்கும்போது கிடைப்பதற்கு ஒரு உதாரணம், ஜானதன் கிராஃப் நடிக்கும் இங்கிலாந்தின் ஜார்ஜ் மன்னர். அந்தப் பாத்திரம் மேடையில் அதிகம் நகர்வதே இல்லை. கனமான கிரீடம், நேரான கழுத்து, தலை ஆடாமல் பாட்டு. கேமரா அவர் முகத்திலேயே நிற்கிறது. பாடப் பாட வாயிலிருந்து எச்சில் தெறித்து, தாடையில் இழையாக இறங்குகிறது. அவர் துடைப்பதில்லை, இமைகூடக் கொட்டுவதில்லை. காதலன் போல இனிக்க இனிக்கப் பாடிக்கொண்டிருக்கும் அந்த மன்னனுக்குள் இருக்கும் வெறி அந்த ஒரு கோட்டில் வெளியே வந்துவிடுகிறது. அரங்கின் கடைசி வரிசையில் உட்கார்ந்தவருக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. அதேபோல 'பர்ன்' பாடலில் எலைசா கடிதங்களைக் கொளுத்தும்போது அந்தச் சின்ன நெருப்பின் வெளிச்சம் ஃபிலிப்பா சூவின் கண்ணில் ஆடுகிறது. அந்த நேரத்தில் கேமரா தள்ளி நின்றிருந்தால் பாட்டே வீணாகியிருக்கும்.

நழுவுவது சுழல்மேடையில். டேவிட் கோரின்ஸ் வடிவமைத்த மேடையின் தரையில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு சுழல்வட்டங்கள் உண்டு. 'ஹெல்ப்லெஸ்' பாடலில் ஹாமில்டனுக்கும் எலைசாவுக்கும் காதல் மலர்வதைப் பார்க்கிறோம். அடுத்து வரும் 'சாடிஸ்ஃபைட்' அதே இரவைப் பின்னோக்கி ஓட்டி, எலைசாவின் அக்கா ஆஞ்சலிகாவின் பார்வையில் மறுபடி காட்டுகிறது. ஆட்டக்குழு முழுவதும் முன்பு செய்த அசைவுகளைத் தலைகீழ் வரிசையில் செய்தபடி தரையோடு சுழல்கிறது. ஒரே பார்வையில் முழு மேடையையும் பிடித்தால்தான் இந்த உத்தி முழுதாக உறைக்கும். பதிவில் வெட்டுகள் அதிகம். ஆஞ்சலிகாவாக வரும் ரெனே எலீஸ் கோல்ட்ஸ்பெரியின் முகம் அவ்வளவு அற்புதம் என்பதால் கேமரா அதை விட்டு நகர மனமில்லாமல் இருக்கிறது. அதைக் குறை சொல்வதும் கஷ்டம்தான், என்றாலும் ஆண்டி பிளாங்கன்பியூலரின் நடன அமைப்பு அங்கே துண்டு துண்டாகத்தான் வந்து சேர்கிறது. மேலிருந்து எடுத்த ஷாட்கள் வரும்போது மட்டும், வட்டங்கள் என்ன செய்கின்றன என்பது தெளிவாகிறது.

இனி வீட்டு ஏற்பாடு. டிவியின் 'மோஷன் ஸ்மூத்திங்' வசதியை அணைத்துவிடுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி பெயர் மாறும், ஆனால் படம் அல்லது அசைவு தொடர்பான செட்டிங்கில்தான் இருக்கும். அது இயங்கினால் ஃபிரேம்களுக்கு நடுவே டிவி தானாகப் படங்களைச் செருகும். மேடை விளக்கொளியும் மரச் சாரமும் ஏதோ நேரலை நிகழ்ச்சி போல வழவழவென்று ஆகிவிடும்.

ஒலியில்தான் பலர் சறுக்குகிறார்கள். இந்த நாடகத்தில் பேச்சு வசனம் கிட்டத்தட்ட இல்லை. தொடக்கம் முதல் முடிவு வரை பாட்டும் ராப்பும்தான், வார்த்தைகள் இருபதாயிரத்துக்கு மேல். 'கன்ஸ் அண்ட் ஷிப்ஸ்' பாடலில் டாவிட் டிக்ஸ் ஒரு இடத்தில் நொடிக்கு ஆறு வார்த்தைக்கு மேல் உதிர்க்கிறார். புளூடூத் ஸ்பீக்கரோ ஹெட்ஃபோனோ லேசாகத் தாமதித்தால்கூட உதடும் சொல்லும் பிரிந்துவிடும். சாதாரணப் படத்தில் கண்ணுக்குப் படாத தாமதம் இங்கே உறுத்தும். கேபிள் வழியாகக் கேட்பதே நல்லது. முடியாவிட்டால் டிவியின் ஆடியோ டிலே அளவை மாற்றி ஒத்துவைத்துக்கொள்ளுங்கள். சவுண்ட்பாரில் 'நைட் மோட்' போட்டால் மெல்லிய இடமும் உரத்த இடமும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடும். கிசுகிசுப்பில் தொடங்கி மெல்ல ஏறும் 'வெயிட் ஃபார் இட்' அப்போது தட்டையாகிப் போகும். குரலைத் தூக்கிக் காட்டும் வசதியும் வேண்டாம். பத்தே பேர் கொண்ட வாத்தியக்குழு அது, டிரம்ஸும் பேஸும் மெலிந்தால் ராப்புக்குத் தரையே இல்லாமல் போகும்.

முதல் முறை பார்க்கும்போது ஆங்கில சப்டைட்டில் கட்டாயம் வேண்டும். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களுக்கும்தான். இரண்டு மூன்று பேர் வெவ்வேறு வரிகளை ஒரே நேரத்தில் பாடும் இடங்களில் காது தனியாகப் பிரித்தெடுக்காது. அதில் ஒரு சிக்கல், கண் எழுத்திலேயே ஒட்டிக்கொண்டு மேடையை விட்டுவிடும். அதற்கு வழி, மூலக் குழுவின் இசைத்தொகுப்பில் முதல் நாலைந்து பாடல்களை முன்பே ஓரிரு முறை கேட்டுவைப்பது. எதுகையும் சந்தமும் காதில் ஏறிவிட்டால் அந்தப் பதினைந்து நிமிடம் கண்ணுக்கு விடுதலை. அதற்குள் நாடகத்தின் நடை பிடிபட்டுவிடும்.

அதற்காகத் தொகுப்பு முழுவதையும் கேட்டு முடித்துவிட்டு வர வேண்டாம். அதில் 46 தடங்கள் இருக்கின்றன, கதை முழுதும் தெரிந்துவிடும். தொகுப்பில் வேண்டுமென்றே சேர்க்காத ஒரு சின்னக் காட்சியும் பதிவில் உண்டு. முதல் அங்கத்தின் கடைசியில் ஹாமில்டனின் நண்பன் லாரன்ஸ் பற்றிய செய்தி வரும் இடம் அது. பாட்டை மட்டும் கேட்டு வளர்ந்த ரசிகர்களில் பலர் அங்கேதான் நிலைகுலைந்து போனார்கள்.

அமெரிக்க வரலாறு பரிச்சயமில்லாதவர்களுக்கு இரண்டாம் அங்கம் கொஞ்சம் அடைக்கும். போர் முடிந்துவிடுகிறது, இனி எல்லாம் அமைச்சரவைச் சண்டை. இவ்வளவு தெரிந்தால் போதும்: ஹாமில்டன் அந்நாட்டின் முதல் நிதிச் செயலர். மாநிலங்களின் போர்க்கடனை மத்திய அரசே ஏற்க வேண்டும் என்பது அவர் திட்டம். தென்மாநிலத்துக்காரர்களான ஜெஃபர்சனும் மேடிசனும் எதிர்க்கிறார்கள். 1790-ல் ஒரு பேரம் படிகிறது: கடன் திட்டம் நிறைவேறும், பதிலுக்குத் தலைநகரம் தெற்கே பொடோமாக் ஆற்றங்கரைக்குப் போகும். அந்தப் பேரம் நடந்த அறைக்குள் தனக்கு இடமில்லையே என்று ஆரன் பர் வெந்து பாடுவதுதான் 'தி ரூம் வேர் இட் ஹாப்பன்ஸ்'. பின்னணி தெரியாமல் பார்த்தால் அது அட்டகாசமான ஒரு ஆட்டம், அவ்வளவுதான். தெரிந்து பார்த்தால் கதையின் அச்சே அங்கே திரும்புவது புரியும்.

பர்தான் கதைசொல்லியும். நம் கூத்தின் கட்டியங்காரன் போல அவரே எல்லோரையும் அறிமுகம் செய்கிறார், நடுவில் புகுந்து விளக்குகிறார், கடைசியில் நாயகனைச் சுடப்போவதும் தானே என்று முதல் பாட்டிலேயே சொல்லிவிடுகிறார். ஓடம் ஜூனியர் இதை அடக்கி வாசித்து, அடக்கியதாலேயே உயரத்துக்குக் கொண்டுபோகிறார். பிராட்வே நாடகங்களுக்கான 2016 டோனி விருதுகளில் சிறந்த நடிகருக்கான விருது மிராண்டாவைத் தாண்டி அவருக்குப் போனது நியாயம். குரல் வளத்தில் மிராண்டா இந்தக் குழுவிலேயே பின்தங்கியவர். உச்சத்தில் இழுக்கும் இடங்களில் சிரமம் கேட்கிறது. எழுதியவர் அவர் என்பதால் சொல்லின் எடை மட்டும் ஒருபோதும் தவறுவதில்லை.

முதல் அங்கத்து நடிகர்கள் இரண்டாம் அங்கத்தில் வேறு ஆட்களாக வருவது குழப்பலாம். லஃபாயெட்டாக வந்த டிக்ஸ் ஜெஃபர்சன் ஆகிறார். மல்லிகன் மேடிசனாகவும், லாரன்ஸ் ஹாமில்டனின் மகன் ஃபிலிப்பாகவும், எலைசாவின் தங்கை பெகி ஹாமில்டனின் கள்ளக்காதலி மரியா ரெனால்ட்ஸாகவும் திரும்புகிறார்கள். இது சிக்கனத்துக்காகச் செய்ததல்ல. நேற்றைய தோழர்கள் இன்று எதிரிகளாகத் திரும்பி வருகிறார்கள், பறிகொடுத்த நண்பனின் முகம் மகனாக வந்து நிற்கிறது.

குறைகளையும் சொல்ல வேண்டும். 13 வயதுக்கு மேற்பட்டோர் சான்றிதழுக்காக ஒரு கெட்ட வார்த்தையை இரண்டு இடங்களில் மௌனமாக்கியிருக்கிறார்கள், ஓரிடத்தில் மட்டும் பாதி ஒலிக்கிறது. தாளம் துல்லியமாக ஓடும் இடத்தில் அந்த வெற்றிடம் இடறுகிறது. வரலாற்றிலும் வளைப்பு உண்டு. ஆஞ்சலிகா ஹாமில்டனைச் சந்திக்கும் முன்பே திருமணமானவர், அவர் தந்தைக்கு மகன்களும் இருந்தார்கள், நாடகம் இரண்டையும் மறைக்கிறது. கறுப்பின, லத்தீன் நடிகர்கள் ஜெஃபர்சனாகவும் வாஷிங்டனாகவும் நிற்பது பெரிய வலிமைதான். ஆனாலும் அந்தத் தலைவர்கள் அடிமைகளை வைத்திருந்தவர்கள் என்ற உண்மையை நாடகம் ஓரிரு வரியில் தாண்டிவிடுகிறது. இந்த விமர்சனம் நாடகம் வந்த காலத்திலிருந்தே உண்டு, அதற்குச் சரியான பதில் இன்னும் இல்லை.

இதைப் பார்த்தபின் அடுத்தது எது என்றால், 'மெரிலி வி ரோல் அலாங்'. 2024 ஜூனில் ஹட்சன் தியேட்டரில் பதிவாகி 2025 டிசம்பரில் வெளியானது. கிராஃப், டேனியல் ராட்கிளிஃப், லிண்ட்சே மெண்டெஸ் மூவரின் நட்பு முறிவைக் கதை முடிவிலிருந்து தொடக்கத்துக்குச் சொல்கிறது. அங்கே சுழல்மேடைச் சிக்கல் இல்லை, முகங்கள்தான் எல்லாம். அதனால் க்ளோஸ்-அப் அங்கே இன்னும் பொருந்துகிறது.

ஹாமில்டனை இரண்டாம் முறை பார்க்கும்போது சப்டைட்டிலை அணைத்துவிட்டு ஆட்டக்குழுவில் ஒரே ஒருவரைப் பின்தொடருங்கள்: அரியானா டிபோஸ். 'வெஸ்ட் சைட் ஸ்டோரி' படத்துக்காகப் பிறகு ஆஸ்கர் வாங்கியவர் இங்கே பெயரில்லாத ஆட்டக்காரி. ரசிகர்கள் அவருக்கு வைத்த பெயர் 'தோட்டா'. அவர் நெருங்கும் ஆள்மேல் சாவின் நிழல் விழுகிறது. எதிராளி எங்கே இருக்கிறான் என்று மகன் ஃபிலிப்பிடம் சொல்லும் பெண்களில் அவரும் ஒருவர். பெரும்பாலும் ஃபிரேமின் ஓரத்தில்தான் இருப்பார், கேமரா அவரைத் தேடிப் போவதில்லை. கடைசித் துப்பாக்கி டூயலில் இசை நின்றுவிடுகிறது, ஹாமில்டன் தன் வாழ்க்கையை வரிவரியாகப் பேசத் தொடங்குகிறார். அப்போது இரண்டு விரல் நுனியில் கண்ணுக்குத் தெரியாத தோட்டாவைப் பிடித்தபடி, மெல்ல மெல்ல அவரை நோக்கி நகர்ந்து வருகிறார் டிபோஸ்.