38 மில்லிமீட்டர் புரிப்பெட்டி: ஐந்து மாதம் பாவித்துப் பார்த்தேன்

வெள்ளவத்தையில் ரயில் பாதை ஓரமாக மூன்றாம் மாடியில் இருக்கிறோம். பல்கனிதான் என் தச்சுப் பட்டறை. பலகையை இறுக்கிப் பிடிக்க அப்பா விட்டுப்போன இரும்பு வைஸுக்கு எத்தனை தடவை கிரீஸ் பூசினாலும் கடல் காற்று விடுவதில்லை. திருகு துருவேறி இறுகிவிடும். அந்தத் துரு வெளிறிய பலகையில் ஒட்டினால் கறையை இழைத்து எடுப்பதற்குள் பலகையே மெலிந்துவிடும். மரத்திலேயே திருகு செய்துவிடலாம் என்று முடிவெடுத்து, ஓகஸ்ட் மாதம் இணையத்தில் இந்தப் பெட்டியை வாங்கினேன். அட்டையில் தயாரித்தவர் பெயர் கிடையாது, அளவு மட்டும்தான். தபால் செலவோடு 14,000 ரூபாய் போனது.

உள்ளே இருப்பவை இரண்டு. ஒன்று டெப், பலகைத் துளைக்குள் புரி, அதாவது திருகின் சுருள் வரி, வெட்டும் உருக்குத் தண்டு. மற்றது புரிப்பெட்டி, உருளைக் கட்டையின் வெளிப்புறத்தில் புரி வெட்டுவது. பெட்டி என்றாலும் சேர்த்துப் பூட்டிய இரண்டு மரக்கட்டைகள்தான். முதல் கட்டையின் துளை வழவழப்பாக இருக்கும், உருளை அதன் வழியாக உள்ளே போகும். இரண்டாவதன் துளையில் ஏற்கெனவே புரி இருக்கும். இரண்டும் சேரும் இடத்தில் ‘வி’ வடிவக் கத்தி ஒன்று. கத்தி வெட்டிய பள்ளம் உடனே இரண்டாம் கட்டையின் புரியில் போய்ப் பிடித்துக்கொள்ளும். அதன் பிறகு பெட்டியைச் சுற்றச் சுற்ற அது தன்னைத்தானே இழுத்துக்கொண்டு போகும். நன்றாக ஓடும்போது நீளச் சுருளாகச் சீவல் வெளியே வருவதைப் பார்க்க அவ்வளவு ஆசையாக இருக்கும்.

ஆனால் வந்த நிலையில் அது ஓடவில்லை. முதலில் விட்ட உருளை முக்கால் சுற்றில் இறுகி நின்றது. கழற்றிப் பார்த்தால் புரியின் முகடெல்லாம் பிய்ந்து கிடந்தது. கத்தி வெட்டும் பாதையும் பெட்டிக்குள் இருக்கும் புரியும் ஒரே கோட்டில் வரவில்லை, அதுதான் காரணம். கத்தியின் பின்னால் கடுதாசித் துண்டுகளை ஒவ்வொன்றாக மடித்து வைத்து, அரை மில்லிமீட்டர் முன்னே தள்ளிய பிறகே சரியாகப் பொருந்தியது. கத்தியின் கூரும் போதாது. எண்ணெய்க் கல்லில் வெளிப்பக்க முகங்கள் இரண்டையும் தீட்டினேன். இந்த இரண்டு வேலைக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதாகப் போனது. விற்றவர் திருப்பி அனுப்பச் சொன்னார். அனுப்பும் செலவை யோசித்து விட்டுவிட்டேன்.

கத்தி சரியானதும் அடுத்த கேள்வி, எந்த மரம்? ஐரோப்பாவில் பீச், மேப்பிள், ஹோர்ன்பீம் என்பார்கள். அவற்றை இங்கே தேடி அலைய வேண்டாம். பழைய சோனகத் தெருவில் வெட்டுத் துண்டுகளாகப் பொறுக்கி வந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். தேக்கில் புரி வெட்டுப்படும், ஆனால் முகடு பொருக்கு மாதிரி உதிரும். மஹோகனி மென்மை, பஞ்சு பஞ்சாகக் கிளம்பியது. முதிரை பளபளவென்று அழகாக இருந்தாலும் அதன் நார் அடுக்கடுக்காக எதிரெதிர்ப் பக்கம் சாய்வதால் ஒரு பக்கம் வழுக்கி மறுபக்கம் பிய்ந்தது. பாலை இரும்புக் கட்டை, கத்திதான் மழுங்கியது. கொட்டாஞ்சேனையில் கட்டில் கால் கடையும் ஐயா ஒருவரிடம் உருளை கடையக் கொடுக்கிறேன். அவர்தான், “தம்பி, நேர் நார் உள்ள ஹல்மில்ல எடுங்கோ, அது வளையும், உடையாது” என்றார். வெள்ளைக்காரர் திருகோணமலை மரம் என்று அழைத்தது அதைத்தான். ஐயா சொன்னது சொன்னபடியே நடந்தது. முகடு ஒன்றும் உதிராமல் 40 சென்டிமீட்டர் நீளத்துக்குப் புரி இறங்கியது.

உருளையை 37.5 மில்லிமீட்டருக்கு மேல் கடைய வேண்டாம் என்று கடைச்சல்காரரிடம் சொல்லிவிடுங்கள். 38 என்றால் பெட்டிக்குள் இறுகும். நுனியைக் கொஞ்சம் கூம்பாக்கி, கட்டையை ஓர் இரவு லின்சீட் எண்ணெயில் ஊற விடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், அது காயாது. எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாமல் விரித்துக் காய விடுங்கள். சுருட்டிய லின்சீட் துணி தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். மாடி வீட்டில் அது விளையாட்டுக் காரியமல்ல.

டெப்பைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. 32 மில்லிமீட்டர் துளை போட்டு, எண்ணெய் விட்டு, அடிக்கடி பின்னால் திருப்பித் தூளைத் தட்டிவிட்டால் துளைக்குள் புரி சுத்தமாக விழுகிறது. அங்குலத்துக்கு 4 புரி. ஒரு சுற்றுக்கு வைஸ் 6 மில்லிமீட்டருக்கு மேல் நகர்கிறது, அப்பாவின் இரும்புத் திருகை விட வேகம். நான் செய்தது மோக்சன் வைஸ். 17ஆம் நூற்றாண்டில் லண்டனில் தச்சுவேலை பற்றி எழுதிய ஜோசப் மோக்சனின் பெயரால் வழங்குவது. இரண்டு பலகை, இரண்டு திருகு, அவ்வளவுதான். எந்த மேசையிலும் வைத்து இறுக்கலாம், வேலை முடிந்ததும் கழற்றி அலுமாரிக்குள் வைக்கலாம். பல்கனிக்காரருக்கு இதை விட வேறென்ன வேண்டும்?

ஒக்டோபர் மழை தொடங்கியதும் திருகுகள் இறுகின. மரம் ஈரத்தில் குறுக்குவாட்டில்தான் பருக்கும், நீளவாட்டில் அநேகமாக மாறாது. அதனால் புரியின் இடைவெளி அப்படியே இருக்க, திருகின் பருமன் மட்டும் கூடியிருந்தது. முகடுகளை மண்கடுதாசியால் மெல்லத் தேய்த்து, முன் பலகையின் புரியில்லாத துளையை 2 மில்லிமீட்டர் பெரிதாக்கி, மெழுகுதிரியைப் புரியெங்கும் உரசினேன். அதற்குப் பிறகு பெய்த மழைகளில் இரண்டு விரலால் திருகுகிறேன்.

கத்தி தீட்டத் தெரிந்தவர், ஒரு நாளைச் செலவழிக்க மனமுள்ளவர் தாராளமாக வாங்கலாம். பெட்டியைத் திறந்த அன்றே வேலை நடக்க வேண்டும் என்பவர் கொஞ்சம் கூடக் கொடுத்து, கத்தி பொருத்திச் சோதித்து அனுப்புகிறவரிடம் எடுப்பது நல்லது. எனக்கு இன்னும் இரண்டு ஹல்மில்ல உருளைகள் எண்ணெயில் ஊறிக்கொண்டிருக்கின்றன. தெஹிவளையில் இருக்கும் அண்ணா தன் மேசைக்கும் ஒரு வைஸ் கேட்டிருக்கிறார்.