ரெட் வெல்வெட்டைக் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டுப் பாருங்கள்

குன்னூர் மார்க்கெட்டிலிருந்து பெட்ஃபோர்டுக்கு ஏறிப் போகும்போது எந்த பேக்கரியின் கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்தாலும் சிவப்பாக ஒன்று உட்கார்ந்திருக்கிறது. முன்பெல்லாம் நடுத்தட்டு பிளாக் ஃபாரஸ்டுக்குத்தான். இப்போது அதை ஓரத்துக்குத் தள்ளிவிட்டார்கள். பிப்ரவரியில் இதய வடிவத்தில் ரெட் வெல்வெட், மே மாத சீசன் கூட்டத்துக்குச் சின்னக் கண்ணாடி ஜாடியில் ரெட் வெல்வெட், டிசம்பரில் பிளம் கேக்குக்குப் பக்கத்திலும் ரெட் வெல்வெட். எங்கள் வீட்டில் தம்பி மகள் பிறந்தநாளுக்கு வேறு கேக் வாங்கினால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறாள். அப்படி என்னதான் இருக்கிறது அதில் என்று குன்னூரிலும் கோத்தகிரியிலும் ஊட்டி சேரிங் கிராஸ் பக்கத்திலும் கடை கடையாக வாங்கிச் சாப்பிட்டேன்.

நான் கேக் செய்கிறவன் இல்லை. தேயிலை ஃபேக்டரியில் டீமேக்கராக இருந்து ஓய்வு பெற்றவன். கொழுந்து வாட்டுவதிலிருந்து டிரையரில் தூள் விழும் வரை பார்த்து, தினமும் கப் வரிசையாக வைத்து உறிஞ்சி, நாக்கில் உருட்டி, துப்பி, இது ஏலத்தில் என்ன விலைக்குப் போகும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்த ஆள். அந்தத் தொழில் எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான்: நிறத்தைப் பார்த்து விலை சொல்லாதே, வாயில் வை. ஆனால் டீக்கடைக்காரருக்கு நிறம்தான் முக்கியம். பாலை ஊற்றினாலும் சிவக்க வேண்டும், குறைந்த தூளில் நிறைய கிளாஸ் தேற வேண்டும். அதனால்தான் எங்கள் பக்கத்திலேயே தூளில் சாயம் கலந்து விற்றவர்களும் உண்டு, அதிகாரிகள் சோதனை போட்டுப் பிடித்ததும் உண்டு. சிவப்பு விற்கும் என்பது கேக்குக்கு முன்பே எனக்குத் தெரிந்த விஷயம்.

சரி, சோதனைக்கு வருகிறேன். ஒரே பேக்கரியில் வெனிலா கேக்கும் ரெட் வெல்வெட்டும் ஒவ்வொரு துண்டு வாங்கி, மேலே உள்ள கிரீமை வழித்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டேன். தம்பி மகள் ஊட்டினாள். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. அவளுக்கும் வைத்துப் பார்த்தேன். வெனிலாவைச் சாப்பிட்டுவிட்டு “இதுதான் ரெட் வெல்வெட்” என்று சத்தியம் பண்ணினாள். கண்ணைத் திறந்ததும், “பெரியப்பா, உங்களுக்கு டேஸ்ட் பாக்கத்தான் தெரியும், சாப்பிடத் தெரியாது” என்று ஒரு போடு போட்டாள். அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. இருந்தாலும் முடிவு முடிவுதான். நான் வாங்கிய கடைகளில் பெரும்பாலானவற்றில் கிடைத்தது வெனிலா கேக்கில் சிவப்புச் சாயம், அவ்வளவுதான். துண்டுக்கு இருபது முப்பது ரூபாய் கூடுதல். அந்தக் கூடுதல் எதற்கு என்று ஒரு கடையில் கேட்டதற்கு, “அது ரெட் வெல்வெட் சார்” என்று பதில் வந்தது.

உண்மையான ரெட் வெல்வெட் அப்படி இல்லை. மாவில் இரண்டு மூன்று ஸ்பூன் கோகோ, மோர், கொஞ்சம் வினிகர், ஆப்ப சோடா, வெண்ணெய்க்குப் பதில் பெரும்பாலும் எண்ணெய். சாக்லேட் கேக் என்று சொல்ல முடியாத அளவுக்கு லேசான கோகோ வாசம், பின்னால் ஒரு மெல்லிய புளிப்பு, நுணுக்கமான மெத்துமெத்துப்பு. மேலே கிரீம் சீஸ். அந்தக் கிரீம் சீஸின் உப்பும் புளிப்பும் சேர்ந்துதான் இந்த கேக்கின் இனிப்பைக் கட்டுக்குள் வைக்கிறது. இதில் எதை எடுத்துவிட்டாலும் மிஞ்சுவது நிறம் மட்டும்.

சிவப்பே முதலில் இவ்வளவு சிவப்பாக இருந்ததில்லை. அமெரிக்காவில் 19ஆம் நூற்றாண்டிலேயே வெல்வெட் கேக் என்று மெத்தென்ற கேக்குகள் உண்டு. கோகோ சேர்த்தபோது சிவந்த பழுப்பு நிறம் வந்தது. இதன் காரணம் எனக்கு உடனே பிடிபட்டது, ஏனென்றால் டீயிலும் இது நடக்கும். கட்டன் டீயில் எலுமிச்சை பிழிந்தால் நிறம் வெளுத்துப் பொன்னிறமாகும். ஒரு சிட்டிகை ஆப்ப சோடா போட்டால் கறுத்துப் போகும். கோகோவில் அந்தோசயனின் என்ற நிறப்பொருள் கொஞ்சம் இருக்கிறது, நாவல் பழத்தில் இருக்கிற அதே வகை. புளிப்பு பட்டால் அது சிவப்புப் பக்கம் சாயும். மோரும் வினிகரும் அந்த வேலையைத்தான் செய்கின்றன. ஆனால் இப்போது கடைகளில் கிடைக்கும் கறுத்த கோகோவில் பெரும்பாலானது காரம் சேர்த்துப் பதப்படுத்தியது. 19ஆம் நூற்றாண்டில் நெதர்லாந்தின் வான் ஹூட்டன் வழியாகப் பரவிய முறை. அந்த கோகோவில் நீங்கள் எத்தனை ஸ்பூன் வினிகர் விட்டாலும் சிவப்பு எட்டிப் பார்க்காது.

அப்புறம் சாயம் எப்படி வந்தது? டெக்சாஸில் ஆடம்ஸ் எக்ஸ்ட்ராக்ட் என்று எசன்ஸும் உணவு நிறமும் விற்கிற கம்பெனி. செய்முறை அட்டை அச்சிட்டு, சிவப்பு கேக்கின் படத்தைப் போட்டு, கடை கடையாக வைத்துத் தன் சரக்கை விற்றது. நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா ஓட்டலில்தான் பிறந்தது என்றும் ஒரு கதை உலவுகிறது, கதையாகவே வைத்துக்கொள்ளலாம். பழைய அமெரிக்கச் செய்முறைகளில் ஒரு கேக்குக்கு 2 அவுன்ஸ் சிவப்பு நிறம் ஊற்றச் சொல்கிறார்கள். கிட்டத்தட்ட 60 மில்லி! 1989இல் வந்த ஹாலிவுட் படம் ஒன்றில் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கென்று தனியாக வைக்கும் கேக்காக இது வந்தபிறகு மறுபடி பேச்சுக்கு வந்ததாம். அங்கிருந்து கப்கேக், அங்கிருந்து மும்பை, பெங்களூரு, கடைசியில் மலையேறிக் குன்னூர்.

நிறம் விற்கிற கம்பெனி விளம்பரத்துக்காகப் பரப்பிய கேக், இன்றைக்கும் நிறத்துக்காகவே விற்கிறது. அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

சாயத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம். 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சு மிட்டாயைத் தடை செய்தார்களே, அதில் இருந்தது ரோடமின் பி, துணிக்குப் போடுகிற சாயம். கேக்குக்கு அனுமதிக்கப்பட்ட சிவப்பு வேறு: கார்மோய்சின், பொன்சோ 4ஆர் போன்றவை. அவற்றுக்கும் அளவு உண்டு, கிலோவுக்கு 100 மில்லிகிராம். அளந்து போடுகிறார்களா என்று கேட்டால் நம்மைத்தான் விநோதமாகப் பார்ப்பார்கள். எனக்குத் தெரிந்த எளிய வழி, சாப்பிட்டபின் டிஷ்யூவில் வாயைத் துடைத்துப் பார்ப்பது. ஊட்டியில் ஒரு கடையில் வாங்கிய துண்டு என் நாக்கு, விரல், வெள்ளைக் கைக்குட்டை எல்லாவற்றையும் சிவப்பாக்கிவிட்டது. பின்நாக்கில் ஒரு கசப்பு வேறு. நிறம் கூடிப்போனால் கசக்கும்.

கிரீம் விஷயத்தில்தான் ஏமாற்று அதிகம். கிரீம் சீஸ் என்று பெயர்ப்பலகை, மேலே இருப்பது பாலே இல்லாத, தாவரக் கொழுப்பில் அடித்த விப்பிங் கிரீம். அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு கரைய மறுக்கும். புளிப்பும் இல்லை, உப்பும் இல்லை. நீலகிரியில் சீஸ் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், கொடைக்கானலிலும் இருக்கிறார்கள். குளிரும் கைகொடுக்கும், கீழே மேட்டுப்பாளையத்தில் கிரீம் சீஸ் வழிந்தோடும், இங்கே ஜனவரியில் மேசைமேல் வைத்தாலே போதும். இத்தனை வசதி இருந்தும் மலிவுக் கிரீமைத் தடவுகிறார்களே என்பதுதான் என் வருத்தம்.

இந்த கேக் மலைக்குப் பொருத்தமானது என்று நான் சொல்லக் காரணம் வேறொன்றும் உண்டு. மார்கழியில் எங்கள் ஊரில் வெண்ணெய் கல்லாகக் கிடக்கும். வெண்ணெய் போட்டுச் செய்த கேக்கும் ராத்திரி தாண்டினால் இறுகிவிடும். எண்ணெயில் செய்த ரெட் வெல்வெட் மறுநாள் காலையிலும் மெத்தென்று இருக்கும். சிக்கல்களும் இல்லாமல் இல்லை. குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரம், தண்ணீர் இங்கே ஏறக்குறைய 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். காற்றழுத்தம் குறைவு என்பதால் கேக் வேகமாகப் பொங்கி, வேகும் முன்பே நடுவில் அமுங்கும். கீழ்நாட்டு அளவில் சோடா போட்டால் குழி விழும். அதனால் சோடாவைக் குறைக்க வேண்டும். குறைத்தால் மோரின் புளிப்பு கொஞ்சம் மிச்சம் இருக்கும், அது நாக்குக்கு லாபம். அப்புறம் மோர். குளிர்காலத்தில் தயிர் உறைவதே பெரும்பாடு. பாத்திரத்தை அடுப்பு மேடையில், கம்பளியில் சுற்றி, அரிசி டிரம்முக்குள் என்று எங்கள் வீட்டுப் பெண்கள் வைக்காத இடமில்லை. புளிக்காத தயிரைக் கடைந்த மோரில் ரெட் வெல்வெட் செய்தால் சப்பென்றுதான் இருக்கும்.

இதையெல்லாம் எனக்கு விளக்கியவர் கோத்தகிரி ரோட்டில் சின்னதாகக் கடை வைத்திருக்கும் அக்கா. எனக்கு இளையவர்தான், ஊரே அக்கா என்பதால் நானும் அக்கா. முன்பக்கம் வர்க்கி, பன், ரஸ்க்; கேக் எல்லாம் முதல் நாளே சொல்லிவைத்தால்தான். சிவந்த பழுப்பில், வெட்டினால் உதிராமல், ஈரப்பதமாக வந்தது அவருடைய ரெட் வெல்வெட். முதல் வாயிலேயே மோர் தெரிந்தது, கோகோ கொஞ்சம் தாமதமாக வந்தது. கண்ணை மூடிக்கொண்டும் இன்னொன்றோடு குழம்ப முடியாத கேக். கிரீம் சீஸுக்குப் பதிலாக மைதாவும் பாலும் கூழாகக் காய்ச்சி, ஆறவைத்து, வெண்ணெய் சர்க்கரையோடு அடித்த கிரீமும் கேட்டால் செய்துதருகிறார். அமெரிக்காவில் இந்த கேக்குக்குக் கிரீம் சீஸ் தடவும் பழக்கம் வருவதற்கு முன்னால் தடவியது அதைத்தான். இனிப்பு குறைவு, விலையும் குறைவு. நான் கிரீம் சீஸ் பக்கம். என் மனைவி கூழ் கிரீம் பக்கம்.

நிறம் ஏன் இவ்வளவு கம்மி என்று கேட்டேன்.

“கம்மியாப் போட்டா கேக் திரும்பி வருதுண்ணா. ‘ஃபோட்டோல இருக்கற மாதிரி இல்லையே’ங்கறாங்க. உங்களை மாதிரி கேக்கறவங்களுக்கு மட்டும்தான் இப்படி. மத்தவங்களுக்கு நானும் பாட்டிலைக் கவுக்கத்தான் வேணும்.”

பீட்ரூட் போட்டால் என்ன, நம் கேத்தி பள்ளத்தாக்கில் விளைகிறதே என்றேன். போட்டுப் பார்த்திருக்கிறார். மாவில் பார்க்க அழகான சிவப்பு, அடுப்பிலிருந்து எடுத்தால் பழுப்பு. பீட்ரூட்டின் நிறம் சூட்டைத் தாங்காது, சோடாவுக்கும் ஆகாது. மண் வாசம் வேறு மிஞ்சும். “கேரட்டுன்னா சொல்லுங்க, ஜோராப் பண்ணித் தர்றேன்” என்றார். உண்மையாகவே அந்தக் கடையின் கேரட் கேக் அவருடைய ரெட் வெல்வெட்டைவிட ஒரு படி மேல். அதையும் சொல்லிவிடுவதுதான் நியாயம். ஆனால் எந்தக் குழந்தை பிறந்தநாளுக்குக் கேரட் கேக் கேட்கிறது?

குறைகளும் உண்டு. ஓரங்கள் சற்று உலர்ந்திருந்தன. சர்க்கரை என் வாய்க்கு இன்னும் கொஞ்சம் குறையலாம். முட்டையில்லாதது கேட்டால் செய்வார், ஆனால் அந்த மெத்துமெத்துப்பு அதில் வராது. கேக் மேல் பெயர் எழுதும் கையெழுத்து சுமார்தான்.

ஆக, கண்ணாடிப் பெட்டிக்குள் தயாராக இருக்கிற ரெட் வெல்வெட்டுக்கு ஐந்துக்கு ஒன்றரை கொடுப்பேன். அந்தக் காசுக்கு நல்ல வர்க்கியும் சூடான டீயும் மேல். சொல்லிச் செய்வித்த ரெட் வெல்வெட்டுக்கு நாலு. கடையில் கேட்க வேண்டியது மோர் சேர்க்கிறீர்களா, மேலே எந்த கிரீம் என்பதைத்தான். இரண்டுக்கும் தயங்காமல் பதில் வந்தால் வாங்கலாம். நிறத்தைக் குறைக்கச் சொல்ல மறக்க வேண்டாம், இல்லையென்றால் வழக்கம்போல் பாட்டில் கவிழும்.

கோத்தகிரி ரோட்டுக் கடையில் அரைக் கிலோவுக்குக் குறைந்து செய்வதில்லை. ஞாயிறு விடுமுறை. அட்டைப் பெட்டியில்தான் தருகிறார்கள், பை நீங்கள் கொண்டுபோக வேண்டும். கீழே கோவைக்குக் கொண்டுபோகிறவர்கள் கூழ் கிரீமும் வேண்டாம், கிரீம் சீஸும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வெறும் கேக்கை வாங்கிப் போய் அங்கே தடவிக்கொள்வது நல்லது. பர்லியார் தாண்டும்போதே வெயில் ஏறிவிடும்.