டப்பாவையும் சேர்த்து நிறுத்த முந்திரி: வாங்குவோர் கவனத்துக்கு

எங்கள் பகுதியில் பெயர்பெற்ற உலர்பழக் கடை ஒன்று முந்திரி, பாதாம், திராட்சை ஆகியவற்றைத் தானே பிளாஸ்டிக் டப்பாக்களில் அடைத்து, தன் பெயரில் சீட்டு ஒட்டி விற்கிறது. ‘நிகர எடை 500 கிராம்’ என்று அச்சிட்ட முந்திரி டப்பாவை வாங்கிவந்து, பருப்பை மட்டும் தராசில் கொட்டி நிறுத்தபோது 458 கிராம்தான் இருந்தது. காலி டப்பாவை மூடியோடு வைத்துப் பார்த்ததில் 42 கிராம் காட்டியது. இரண்டையும் கூட்டினால் மிகச் சரியாக 500. எனவே இது கைதவறிக் குறைந்த எடையன்று. காலி டப்பாவை வைத்துத் தராசைப் பூஜ்யமாக்காமல், டப்பாவின் எடையையும் முந்திரி விலைக்கே விற்றிருக்கிறார்கள். கிலோ ஆயிரம் ரூபாய் என்ற விலையில், டப்பா ஒன்றுக்கு 42 ரூபாய் நம் பையிலிருந்து போகிறது.

கடைக்காரரிடம் கேட்டபோது, “கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கத்தாங்க செய்யும், கவர்மென்டே அதுக்கு அனுமதி கொடுத்திருக்கு” என்றார். இந்தப் பதிலை நம்பித்தான் பலரும் திரும்பிவிடுகிறார்கள் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருட்கள் விதிகளின்படி, நிகர எடை என்பது உறையும் டப்பாவும் நீங்கலாக உள்ளிருக்கும் பொருளின் எடை மட்டுமே. 300 முதல் 500 கிராம் வரையிலான பொட்டலத்துக்கு 3 விழுக்காடு, அதாவது 500 கிராமுக்கு 15 கிராம் வரை வேறுபாடு பொறுத்துக்கொள்ளப்படுகிறது. ஆனால், எல்லாப் பொட்டலத்திலும் 15 கிராம் குறைத்து அடைக்க இது உரிமம் ஆகாது. அதிகாரிகள் மாதிரிகளை எடுத்து நிறுக்கும்போது அவற்றின் சராசரி, அச்சிட்ட எடைக்குக் குறையக் கூடாது, எந்தவொரு பொட்டலமும் அந்த வரம்பின் இருமடங்குக்கு மேல் குறைந்திருக்கவும் கூடாது. நான் வாங்கிய டப்பாவில் குறைந்திருந்த 42 கிராம், அந்த இருமடங்கான 30 கிராமையும் தாண்டுகிறது. பெரிய நிறுவனங்களும் இதே சாக்கைச் சொல்லிப் பார்த்ததுண்டு: 16 பிஸ்கட் என்று அச்சிட்ட பாக்கெட்டில் 15 மட்டுமே இருந்த வழக்கில், எடை வேறுபாட்டுக்கு விதியில் இடமுண்டு என்ற வாதத்தைத் திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம் 2023இல் ஏற்க மறுத்து, 1 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது.

தமிழ்நாட்டில் எடையளவுச் சட்டத்தை நடைமுறைப்படுத்துவது தொழிலாளர் துறை. அதன் மாவட்ட அமலாக்க அலுவலகத்தில் ரசீதோடும், பிரிக்காத இன்னொரு டப்பாவோடும் எழுத்துமூலம் புகார் கொடுத்தேன். ஆய்வாளர் கடைக்கே சென்று, அடுக்கியிருந்த டப்பாக்களைப் பிரித்து நிறுத்து, கடையின் மீது வழக்குப் பதிந்திருக்கிறார். கடைத் தராசில் முத்திரை முறையாகவே இருந்தது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். முத்திரையிட்ட தராசிலேயே இந்த மோசடி நடக்கிறது.

கடைகளே அடைத்து விற்கும் இனிப்பு, காரம், பேரீச்சை போன்றவற்றை வாங்குவோர், கனமான டப்பாவாக இருந்தால் பொருளைத் தனியே நிறுத்துக் காட்டச் சொல்லுங்கள். எடை குறைந்தால் ரசீதையும், சீட்டு ஒட்டிய டப்பாவையும் தூக்கி எறியாதீர்கள். முடிந்தால் பிரிக்காத ஒன்றை வைத்திருங்கள், ஏனெனில் பிரித்த டப்பாவிலிருந்து நீங்களே எடுத்துவிட்டீர்கள் என்று கடைக்காரர் எளிதாகச் சொல்லிவிடுவார். அலுவலகத்துக்கு நேரில் செல்ல இயலாதவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரைப் பதியலாம்.