மோட்டார் ஷட்டர் போடுகிறவர்களுக்கு: மெயினை அணைத்துவிட்டுத் திறந்து காட்டச் சொல்லுங்கள்

கார் நிறுத்தும் இடத்துக்கு மோட்டார் ஷட்டர் போடப் போகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வேலை முடிந்தது என்று ஆள் உங்கள் கையில் ரிமோட்டைக் கொடுக்கும்போது பாக்கிப் பணத்தை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். வீட்டின் மெயின் சுவிட்சை அணையுங்கள். "இப்போது திறந்து காட்டுங்கள்" என்று கேளுங்கள். இரண்டு நிமிட வேலை. நான் அதைச் செய்யவில்லை. அதனால் 2024 அக்டோபர் 15 காலையில், டயாலிசிஸுக்குப் போகவேண்டிய அம்மாவைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்துக்கொண்டு, திறக்காத ஷட்டருக்கு உள்ளே நின்றேன்.

எங்கள் வீடு சென்னை மடிப்பாக்கத்தில். அரை கிரவுண்டு மனை, அதாவது 1,200 சதுர அடி. கார் நிற்கும் இடத்தின் வாசல் பத்தரை அடி அகலம், எட்டு அடி உயரம். முன்பு அங்கே மடக்குக் கம்பிக் கதவுதான் இருந்தது. அந்தக் கம்பி இடுக்கில் எலி புகுந்து இரண்டு தடவை காரின் ஒயரைக் கடித்துவிட்டது. அம்மாவுக்குச் செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். காலை ஏழு மணிக்கு மருத்துவமனையில் இருக்க வேண்டும். என் கணவருக்கு ஓசூரில் வேலை, வாரக் கடைசியில்தான் வருவார். அம்மாவைக் காரில் ஏற்றுவது, ஓட்டுவது, இறக்குவது எல்லாம் நான்தான். ஒரு கையால் அவளைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் கனமான கதவைத் தள்ள முடியாது. எலியும் வரக்கூடாது, பட்டனை அழுத்தினால் திறக்கவும் வேண்டும் என்றுதான் மோட்டார் ஷட்டருக்குப் போனேன்.

வேறு கதவுகளையும் யோசித்தோம். இரட்டைக் கதவு போட்டால் வெளியே தெருப் பக்கம் திறக்கக் கூடாது, உள்ளே திறக்கக் காருக்கு முன்னால் இடமில்லை. பக்கவாட்டில் நகரும் கேட்டுக்கு, வாசல் எவ்வளவு அகலமோ அவ்வளவு நீளச் சுவர் பக்கத்தில் காலியாக இருக்க வேண்டும். பாதி கிரவுண்டில் அதற்கு எங்கே போவது? வெளிநாட்டு வீடுகளில் பலகை பலகையாக மடங்கி மேலே கூரைக்கு அடியில் போய்ப் படுக்குமே, அந்தக் கதவு பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் வாசலுக்கு மேலே சாதாரணமாக ஒரு அடியாவது இடம் வேண்டும், கூரையில் குழாயோ பீமோ குறுக்கே வரக்கூடாது. எங்கள் வீட்டில் பீம் ஒன்பது அங்குலத்தில் இடிக்கிறது. ஆகவே சுருள் ஷட்டர்தான் சரி என்று முடிவு செய்தோம். அந்த முடிவில் தப்பில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். தப்பு நடந்தது வாங்கிய இடத்தில்.

பெரிய ஷட்டர் கடை, முகப்பெல்லாம் கண்ணாடி. மேசையில் வெட்டி வைத்திருந்த ஷட்டர் பட்டைத் துண்டு கெட்டியாக, கனமாக இருந்தது. "மேடம், இதே 18 கேஜ்தான் உங்களுக்கும். ஜி.ஐ. தகடு, பவுடர் கோட்டிங். துருப் பேச்சே கிடையாது" என்றார் விற்பனையாளர். கேஜ் என்பது தகட்டின் தடிமனைச் சொல்லும் எண்; பவுடர் கோட்டிங் என்பது பெயின்ட் தூளைச் சூட்டில் உருக்கி ஒட்டவைப்பது. வீட்டுக்கு வந்து லேசர் கருவியால் அளந்தார். பதினொன்றுக்கு ஒன்பதரை என்று கணக்குப் போட்டு 104.5 சதுர அடி, அடிக்கு 480 ரூபாய், மோட்டாருக்கு 38,000, பொருத்தும் கூலி 6,000 என்று மொத்தம் 94 ஆயிரம் சொன்னார். ஜி.எஸ்.டி. பில் வேண்டுமா என்று கேட்டு, வேண்டாமென்றால் 18 சதவீதம் மிச்சம் என்றார். நான் சரி என்றேன். அவர் கொடுத்த தாளில் எழுதியிருந்தது ஒரே வரி: "ரோலிங் ஷட்டர் மோட்டாருடன் - 1". கேஜ் இல்லை, தகட்டின் வகை இல்லை, மோட்டார் எத்தனை கிலோ தூக்கும் என்பது இல்லை. வாயால் சொன்னதெல்லாம் அந்தத் தாளில் வரவே இல்லை என்பதை அன்றைக்கு நான் கவனிக்கவில்லை.

ஜூன் மாதம் ஒரே நாளில் மாட்டிவிட்டுப் போனார்கள். பாதிப் பணம் ஜிபேயில், மீதி ரொக்கமாகக் கொடுத்தேன். ஆகஸ்டில் நாலு மழை பெய்ததும் பட்டைகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் மடிப்பில் பழுப்புக் கோடு தெரிந்தது. போன் செய்தேன். "செம்மண் தூசி மேடம், துடைத்தால் போய்விடும்" என்றார்கள். துடைத்தேன். துணியில் வந்தது துரு.

அப்புறம் அக்டோபர். அந்த மழை வாரம் சென்னைக்காரர்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். 2023 டிசம்பர் மிச்சாங் புயலில் பட்ட அடி யாருக்கும் மறக்கவில்லை, அதனால் வேளச்சேரி மேம்பாலத்தில் ஆட்கள் முன்கூட்டியே காரைக் கொண்டுபோய் வரிசையாக நிறுத்தினார்கள். எங்கள் இடம் கொஞ்சம் மேடு, காரை வீட்டிலேயே வைத்திருந்தேன். செவ்வாய் விடிகாலை நாலு மணிக்குக் கரண்ட் போய்விட்டது. ஆறு மணிக்கு அம்மாவைத் தயார் செய்து கார் நிற்கும் இடத்துக்குக் கூட்டிவந்து ரிமோட்டை அழுத்தினேன். சுவர் பட்டனை அழுத்தினேன். ஒன்றும் அசையவில்லை. வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று பார்த்தால், ஷட்டரை அந்த லைனில் இணைக்கவே இல்லை. இணைத்திருந்தாலும் மோட்டார் புறப்படும்போது இழுக்கிற கரண்டை எங்கள் சின்ன இன்வெர்ட்டர் தாங்கியிருக்காது என்று பிறகு எலக்ட்ரீஷியன் சொன்னார்.

ஆட்டோவுக்கு முயன்றேன். அந்த மழையில், முழங்கால் தண்ணீரில், சக்கர நாற்காலியோடு வர யாரும் தயாராக இல்லை. ஆப்பில் புக் செய்த இரண்டு கார்களும் ரத்தாயின. கடைக்காரரின் எண் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அம்மா ஒன்றும் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமையிலிருந்தே அவளுக்குக் கால் வீக்கம். டயாலிசிஸ் ஒரு வேளை தள்ளிப்போனால் உடம்பில் தண்ணீரும் பொட்டாசியமும் ஏறும் என்பது இந்த வீட்டில் எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். மணியைப் பார்த்துக்கொண்டே நிற்பது எப்படி இருக்கும் என்று எழுதிக் காட்ட எனக்குத் தெரியவில்லை.

எதிர்வீட்டு அண்ணன்தான் கீழ்க்கட்டளையிலிருந்து ஒரு ஷட்டர் மெக்கானிக்கைப் பைக்கில் நனைந்தபடி கூட்டிவந்தார். வயதானவர், கடை ஷட்டர்கள் போட்டே பழகியவர். உள்ளே வந்து டார்ச் அடித்து மேலே பார்த்ததும், "ஏம்மா, கைச் சங்கிலி எங்க?" என்று கேட்டார். அப்படி ஒன்று உண்டு என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். பக்கவாட்டில் மாட்டும் ஷட்டர் மோட்டாரோடு ஒரு நீளச் சங்கிலி வரும். கரண்ட் இல்லாதபோது அதை இழுத்தால் ஷட்டர் மெதுவாக ஏறும், இறங்கும். எங்கள் மோட்டாரில் அந்தச் சங்கிலியை மாட்டவே இல்லை. தகட்டு மூடி போட்டு அழகாக மறைத்திருந்தார்கள். அவர் மோட்டாருக்கும், ஷட்டர் சுற்றிக்கொள்ளும் டிரம்முக்கும் நடுவே ஓடும் செயினைக் கழற்றினார். தெருவில் வீடு கட்டும் இடத்திலிருந்து சவுக்குக் கட்டைகளை எடுத்துவந்து, நாலு ஆண்கள் ஷட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்க, அடியில் கட்டையை முட்டுக் கொடுத்து, ஒன்பதே முக்காலுக்குக் கார் வெளியே வந்தது. மருத்துவமனையில் மதிய ஷிஃப்டில் இடம் கொடுத்தார்கள். அந்த நர்ஸுக்கு என்றைக்கும் நன்றி.

தூக்கும்போதே அவர் சொன்னார்: "இது 18 கேஜுன்னு யாரும்மா சொன்னது? 18 கேஜா இருந்தா நாலு பேர் தூக்க மாட்டோம்." இரண்டு நாள் கழித்துத் தடிமன் அளக்கும் வெர்னியர் கருவியைக் கொண்டுவந்து என் கண் முன்னால் பட்டையை அளந்தார். பெயின்டோடு சேர்த்து 0.74 மில்லிமீட்டர்.

இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள், அதனால் பொறுமையாகச் சொல்கிறேன். கேஜ் எண் ஏற ஏறத் தகடு மெலிசாகும். 18 கேஜ் என்றால் ஏறக்குறைய 1.2 மில்லிமீட்டர். 20 என்றால் 0.9. 22 என்றால் 0.7. நம்மைப் போன்றவர்களுக்கு 22 பெரிய எண்ணாகக் கேட்கும், அதிகம் என்றே தோன்றும். ஆகவே கேஜில் பேசாதீர்கள், மில்லிமீட்டரில் எழுதி வாங்குங்கள். சுருள் ஷட்டருக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் தரமே இருக்கிறது, ஐ.எஸ். 6248. அதன்படி மூன்றரை மீட்டர் அகலம் வரைக்கும் இரும்புப் பட்டை குறைந்தது 0.9 மில்லிமீட்டர் இருக்க வேண்டும், அதற்கு மேல் அகலம் போனால் 1.25. எங்கள் வாசல் 3.2 மீட்டர். 18 கேஜ் கேட்டுப் பணம் கொடுத்தேன். எனக்குக் கிடைத்தது தரம் சொல்லும் குறைந்தபட்சத்துக்கும் கீழே.

துருவின் கதையும் இதுதான். ஜி.ஐ. என்பது துத்தநாகப் பூச்சு ஏற்றிய தகடு. எங்கள் பட்டையின் உள்மடிப்பில் பெயின்ட்டைச் சுரண்டிப் பார்த்தால் அடியில் வெறும் கறுப்புத் தகடு. பவுடர் கோட்டிங் என்று சொன்னது சாதாரண ஸ்ப்ரே பெயின்ட். துத்தநாகப் பூச்சிலும் அளவு உண்டு: ஒரு சதுர மீட்டருக்கு 120 கிராம், 275 கிராம் என்று வரும். திருவான்மியூர், கொட்டிவாக்கம், நீலாங்கரை என்று உப்புக் காற்று அடிக்கிற பக்கம் இருப்பவர்கள் 275 கேளுங்கள், இல்லையென்றால் அலுமினியத்துக்குப் போங்கள். பாலவாக்கத்தில் இருக்கும் என் சித்தி வீட்டில் அலுமினியம்தான். எளிதில் நசுங்கும், விலையும் கூட, ஆனால் துரு இல்லை. காந்தம் ஒட்டிப் பார்த்தால் அலுமினியமா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். எட்டடி வாசலுக்கு ஒன்பதரை அடி கணக்குப் போட்டார்களே, அதையும் ஏமாற்று என்றுதான் நினைத்தேன். மெக்கானிக் இல்லை என்றார். டிரம்மில் சுற்றியிருக்கும் பகுதிக்கு ஒன்று, ஒன்றரை அடியும், இரண்டு பக்கமும் பட்டைகள் ஓடும் சேனலுக்குள் போகும் அகலமும் உண்மையாகவே தகடுதான். எல்லோரும் அப்படித்தான் அளப்பார்கள். கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், சண்டை போட வேண்டாம். ஆனால் அந்த டிரம் பெட்டி தொங்குவதால் எட்டடி உயரம் ஏழடியாகக் குறையும் என்பதை முன்னால் சொல்லியிருக்க வேண்டும். மேலே கேரியர் வைத்த வண்டி இப்போது உள்ளே வராது.

இன்னொன்றும் கவனியுங்கள். எங்களுக்கு ஹாலிலிருந்து கார் நிற்கும் இடத்துக்கு ஒரு கதவு இருக்கிறது, அதனால்தான் உள்ளே போக முடிந்தது. ஷட்டரைத் தவிர வேறு வழியே இல்லாத ஷெட் என்றால் கைச் சங்கிலி உள்ளே இருந்தும் பயனில்லை. வெளியிலிருந்து கையால் திறக்க என்ன ஏற்பாடு என்று கட்டாயம் கேட்க வேண்டும். மோட்டாரையும் டிரம்மையும் இணைக்கும் செயின் அறுந்தால் ஷட்டர் கீழே விழாமல் பிடிக்கிற சேஃப்டி பிரேக் இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். எங்களுடையதில் அதுவும் இல்லை. நாலு மாதம் வாரம் மூன்று நாள் அம்மா அதற்கு அடியில் போய் வந்திருக்கிறாள். அதை நினைத்தால் இன்னும் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

கடைக்காரர்கள் மூன்று நாள் கழித்துப் போனை எடுத்தார்கள். "வோல்டேஜ் பிரச்சினை, ஆள் வந்து பார்க்க 1,500 ஆகும்" என்றார்கள். அளந்த படங்களை அனுப்பினேன். பதில் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தேன், பிறகு பதிவுத் தபாலில் நோட்டீஸ், பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் அங்கே கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்துத்தான் ஆகவேண்டும் என்பதும் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வழக்கு நடப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை, தயவுசெய்து கேட்காதீர்கள். பில் வாங்காததுதான் அங்கே என்னை வாட்டுகிறது. ரொக்கமாகக் கொடுத்த பாதிக்கு என்னிடம் சாட்சியே இல்லை. மிச்சம் பிடித்த அந்த 18 சதவீதம் எனக்கு நஷ்டமாகத்தான் முடிந்தது. வாட்ஸாப்பில் விற்பனையாளர் "18 கேஜ் கன்ஃபர்ம் மேடம்" என்று அனுப்பிய ஒரு செய்தியும் ஜிபே ரசீதும்தான் இப்போது கையில் இருக்கிறது. நீங்கள் பேசுவதையும் வாட்ஸாப்பில் ஒருமுறை எழுதி, ஆமாம் என்று பதில் வாங்கி வையுங்கள்.

கீழ்க்கட்டளை மெக்கானிக்கே பிறகு பட்டைகளை மாற்றினார். 0.9 ஜி.ஐ. தகடு, அடியில் எலி நுழையாதபடி ரப்பர் பீடிங், சேஃப்டி பிரேக், கைச் சங்கிலி உள்ள மோட்டார். பழைய மோட்டாரை அவரே எடுத்துக்கொண்டு 41 ஆயிரம் வாங்கினார், ஒவ்வொன்றையும் அளவோடு எழுதிப் பில் கொடுத்தார். வேலை முடிந்ததும் நான் கேட்பதற்கு முன்னாலேயே மெயினை அணைத்துவிட்டு, "வாம்மா, நீயே இழுத்துப் பாரு" என்று சங்கிலியை என் கையில் கொடுத்தார். முழுதாகத் திறக்க ஆறு நிமிடம் ஆயிற்று. கை வலித்தது. திறந்தது.

பட்டையை எப்படி அளப்பது, கைச் சங்கிலி எந்தப் பக்கம் இருக்கும் என்று படம் வேண்டுமென்றால் கேளுங்கள், அனுப்புகிறேன். செவ்வாய், வியாழன், சனி மட்டும் மதியத்துக்கு மேல்தான் பதில் சொல்ல முடியும்.