கூத்துப் பாட்டை மெதுவாக்க எது தோது?

மாசி பிறந்தால் எங்கள் மலைத் தோட்டத்தில் காமன் கூத்து, மன்மதன் எரிந்த கதையைப் பாடி ஆடுவது. பாட்டு முழுக்கத் தெரிந்த மாஸ்டருக்கு வயதாகிவிட்டது. அவர் இளந்தாரியாக இருந்தபோது பாடிய ஒரு கசெட்தான் இப்போது பையன்களுக்குப் பாடம். அதைக் கணினியில் ஏற்றி வைத்திருக்கிறேன். மனுசன் நாலு வரியை ஒரே மூச்சில் பாடித் தள்ளுவார். மெதுவாக்கிக் கேட்டால்தான் சொல் பிரியும்.

போன வருசம் ஆடாசிட்டி என்ற ஒலி திருத்தும் மென்பொருளில் வேகத்தை முக்கால் பங்காக்கி எல்லார் போனுக்கும் அனுப்பினேன். அங்கேதான் பிசகினேன். 'சேஞ்ச் ஸ்பீட்' (புதிய பதிப்பில் 'சேஞ்ச் ஸ்பீட் அண்ட் பிட்ச்') என்பது பழைய கசெட்டை இழுத்துப் பிடித்த மாதிரி. வேகத்தோடு சுருதியும் இறங்கும். முக்கால் வேகத்துக்கு, ஆர்மோனியத்தில் கறுப்பு வெள்ளை சேர்த்து எண்ணினால் கிட்டத்தட்ட 5 கீ கீழே. வெள்ளைக் கீயை மட்டும் எண்ணும் கட்டைக் கணக்கில் மாஸ்டர் பாடியது 5 கட்டை, பையன்கள் கேட்டுப் பழகியது 2 கட்டை. ஒத்திகையில் ஒருத்தனுக்கும் மேலே எட்டவில்லை. "யார் குரலைக் கேட்டுப் பழகினீங்க தம்பி?" என்றார் மாஸ்டர்.

சுருதி அசையாமல் வேகத்தை மட்டும் குறைக்க, அதே ஆடாசிட்டியில் 'சேஞ்ச் டெம்போ' இருக்கிறது. மைனஸ் 25 என்று கொடுத்தால் 4 நிமிடப் பாட்டு 5 நிமிடம் 20 நொடியாகும், சுருதி அப்படியே நிற்கும். சாதாரணமாக அது வேலை செய்யும் விதம் தோட்டத்து லயன் வீட்டுக் கூரைக்குத் தகரம் அடிப்பது போலத்தான். ஒலியைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, ஓரத்தை ஒன்றின் மேல் ஒன்று ஏற்றி வைக்கும். நீளம் போதாவிட்டால் முந்திய துண்டில் வந்ததையே கொஞ்சம் மறுபடி வெட்டிச் சேர்க்கும். எந்த இடத்தில் ஏற்றினால் ஒட்டு தெரியாது என்று தேடிப் பொருத்தும் முறையை 1993இல் வெர்ஹெல்ஸ்ட், ரோலண்ட்ஸ் என்ற இருவர் வெளியிட்டார்கள். தனிக்குரலுக்கு இது அருமை. தப்புப் பறை சேர்ந்தால்தான் சங்கடம். தீயில் காய்ச்சிய தப்பில் விழும் அடி கண் இமைக்கும் நேரம்தான். அது மறுபடி வெட்டிய துண்டில் மாட்டிக்கொண்டால் ஓர் அடி இரண்டாகக் கேட்கும். அடிக்காத அடியைப் பையன் கற்றுக்கொள்வான்.

அதே 'சேஞ்ச் டெம்போ' பெட்டியில் 'உயர்தரம், ஆனால் மெதுவாக ஓடும்' என்று பொருள்படும் ஒரு தெரிவும் உண்டு. அது துண்டு ஒட்டுவதில்லை. ஒலியை அதிர்வெண் அதிர்வெண்ணாகப் பிரித்து ஒவ்வொன்றையும் நீட்டும். 1966இல் பெல் ஆய்வகத்தில் ஃப்ளனகனும் கோல்டனும் எழுதிய ஃபேஸ் வோகோடர் என்ற முறையும் இந்த வழிதான். இழுத்துப் பாடும் இடங்கள் பட்டுப் போல வரும். ஆனால் தப்படி மழுங்கிவிடும், நனைந்த தோலில் அடித்த மாதிரி. பாதி வேகத்துக்குப் போனால் குரலே தகர டப்பாவுக்குள் இருந்து வருவது போலிருக்கும்.

இரண்டையும் சமாளிக்க ரப்பர் பேண்ட் என்ற இலவச மென்பொருள் நல்லது. அதுவும் அதிர்வெண் வழிதான், ஆனால் அடி விழும் இடத்தைக் கண்டுபிடித்து அங்கே நீட்டாமல் விட முயலும். கூர்மையை 0 முதல் 6 வரை வைக்கலாம், தப்புக்கு 6. கட்டளைகளைத் தட்டச்சுச் செய்து ஓட்ட வேண்டும் என்பதால் எங்கள் பையன்கள் பக்கத்திலேயே வரமாட்டார்கள். சரி, அது என் வேலை.

கணினி இல்லாதவர்களுக்கு போனில் விஎல்சி என்ற பிளேயர் போதும். ஃபைல் போனில் இருந்தால் டேட்டா வேண்டாம்; எங்கள் மலையில் சிக்னல் இருக்கும் லட்சணத்துக்கு அது பெரிய விசயம். வேகத்தை 0.75க்கு வைத்தால் சுருதி இறங்காது. அதற்குக் கீழே போகாதீர்கள், திக்கத் தொடங்கும். யூடியூப்பிலும் வேகத்தைக் குறைக்கலாம், ஆனால் சொந்தக் கசெட்டை அங்கே ஏற்றிவிட்டு இறக்கிக் கேட்பானேன்?

தப்பு மட்டும் பழகுகிறவனுக்கு நான் திட்டிய அந்த 'சேஞ்ச் ஸ்பீட்'தான் இருப்பதிலேயே சுத்தம். துண்டும் இல்லை, ஒட்டும் இல்லை. ஒவ்வோர் அடியும் முழுசாக, கொஞ்சம் கனத்து விழும். தாளம் பிடிக்கிறவனுக்குச் சுருதி எதற்கு?

ஆகவே இந்த மாசிக்கு இரண்டு ஃபைல் போட்டேன். பாட்டுக்காரர்களுக்கு ரப்பர் பேண்டில் 80 சதவீத வேகம். அதற்குமேல் மெதுவாக்கினால் மாஸ்டரின் மூச்சு எங்கே விழுகிறது என்பது தெரியாமல் போகிறது. தப்புக்காரர்களுக்கு வெறும் வேகக் குறைப்பு, முக்கால். அதில் மாஸ்டர் குரல் பூதம் பேசுவது போலக் கேட்கும். ஃபைல் பெயரிலேயே 'தப்பு மட்டும், பாடாதே' என்று எழுதி அனுப்பியிருக்கிறேன்.