சாம்பிள் ஆடிட்டா, மொத்த டேட்டாவா?

அரசாங்க செலவுல தப்பு பிடிக்க பழைய வழி சாம்பிள் ஆடிட், வருஷம் முடிஞ்சப்புறம் கொஞ்சம் வவுச்சரை உருவிப் பார்ப்பாங்க, அனுபவமுள்ள ஆடிட்டர் கண்ணுல பல விஷயம் மாட்டும்தான், ஆனா அதுக்குள்ள பணம் போயிருக்கும்.

பிக் டேட்டான்னா, அதாவது மொத்த டேட்டாவையும் கம்ப்யூட்டர்ல அலசுற முறைன்னா, பேமெண்டுக்கு முன்னாடியே எல்லா பில்லையும் ஓட்டிப் பார்க்கலாம். ஒரே இன்வாய்ஸ் ரெண்டு தடவை வந்திருக்கா, சப்ளையர் பேங்க் அக்கவுண்டும் ஊழியரோடதும் ஒண்ணா, டெண்டர் லிமிட்டுக்கு (இந்த தொகையைத் தாண்டினா டெண்டர் விட்டே ஆகணும்) கீழ வர்ற மாதிரி பில்லைப் பிரிச்சுப் போட்டிருக்காங்களா, இதெல்லாம் சாம்பிள்ல சிக்கினா லக்குதான்.

அதுக்காக மெஷின் சொன்னதே வேதவாக்குன்னு விட முடியாது. ஆஸ்திரேலியால ரோபோடெட்னு ஒரு ஆட்டோமேட்டிக் சிஸ்டம், அரசு உதவித்தொகை வாங்கினவங்களோட வருஷ வருமானத்தை ரெண்டு வாரத்துக்குன்னு சராசரி போட்டு, கூடுதலா உதவி வாங்கிட்டாங்கன்னு கணக்கு காட்டுச்சு, அதை வெச்சு லட்சக்கணக்குல இல்லாத கடனுக்கு நோட்டீஸ் விட்டாங்க, 2020ல பணத்தை திருப்பித் தர்றோம்னு சொல்ல வேண்டியதாப்போச்சு.

என் ஓட்டு டேட்டாவுக்குத்தான், ஆனா பேமெண்டை நிறுத்துற முடிவு ஆடிட்டர் கையில இருக்கணும், அதோட துறைக்கு துறை சப்ளையர் ஐடி வேறவேறயா இருந்தா எந்த சாஃப்ட்வேரும் ஒண்ணும் கிழிக்காது.